"எக்ஸ்பிளெயின்" என்ற ஆங்கில வினைச்சொல் எங்கிருந்து வந்தது? அதற்கு "விளக்கு" என்ற ஒரு பொருள்தானா?

இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் பிறப்பிடம் லத்தீன். அங்கே "பிளானுஸ்" என்றால் சமமான, மேடுபள்ளமற்ற என்று பொருள். அதனுடன் "எக்ஸ்" என்ற முன்னொட்டு சேர்ந்து "எக்ஸ்பிளானாரே" ஆயிற்று. மேடுபள்ளத்தை நிரவிச் சமமாக்குவது என்பதுதான் அடிப்படைக் கருத்து. கேட்பவர் இடறி நிற்கும் இடங்களை நிரவித் தருபவரே நல்ல ஆசிரியர் என்று நினைப்பவன் நான். அந்த எண்ணம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது!

15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதன் எழுத்து "எக்ஸ்பிளேன்" என்பதற்கு நெருக்கமாக இருந்தது. தெளிவான என்று பொருள்படும் "பிளெயின்" என்ற சொல்லின் சாயல் படிந்து, பின்னர் நடுவே "ஐ" (i) என்ற ஆங்கில எழுத்து நுழைந்தது. ஆனால் "எக்ஸ்பிளனேஷன்" என்ற பெயர்ச்சொல் பழைய லத்தீன் வடிவத்தையே காப்பாற்றிக்கொண்டது. அதனால்தான் வினையில் உள்ள "ஐ" பெயரில் இல்லை. மாணவர்கள் அடிக்கடி எழுத்துப்பிழை செய்யும் இடம் இது. காரணம் தெரிந்துவிட்டால் மறக்காது.

தச்சரின் இழைப்புளிக்கு ஆங்கிலத்தில் "பிளேன்" என்று பெயர். அதுவும் இதே குடும்பம்தான். பியானோவும் அப்படியே: "சமமான" என்பது இத்தாலியில் "மென்மையான" என்று மாறி இசைக்கருவிக்குப் பெயராயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் "எக்ஸ்பிளிக்கே" மட்டும் வேறு வேர். அது மடிப்பைப் பிரிப்பதிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இரண்டும் கலந்தும் போயின. ஜான் ஈவ்லின் என்ற ஆங்கில எழுத்தாளர், ஒரு மரம் இலையை விரிக்கத் தயாராக இருப்பதைச் சொல்ல "எக்ஸ்பிளெயின்" என்ற வினையையே கையாண்டார். அந்த வழக்கு மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்று "விளக்கு" என்ற ஒரு பொருளோடு இந்தச் சொல் நிற்பதில்லை. ஒரு நிகழ்வுக்குக் காரணமாக அமைவதையும் இது குறிக்கும்: இரவு பெய்த மழை, காலையில் தெரு நனைந்திருப்பதை "எக்ஸ்பிளெயின்" செய்கிறது. தன் செயலுக்குப் பதில் சொல்லும்படி ஒருவரைக் கேட்கும்போதும் இதுவே வரும். "அவே" சேர்ந்தால், சங்கடமான ஒன்றைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பது.

பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். "எனக்கு விளக்குங்கள்" என்பதை நினைத்துக்கொண்டு "எக்ஸ்பிளெயின் மீ" என்று பலர் எழுதுகிறார்கள். "எக்ஸ்பிளெயின் டு மீ" என்பதே சரி. விளக்க வேண்டிய பொருளுக்கு முன் "அபௌட்" தேவையில்லை.