ஸ்கேனுக்குப் போடும் டை கிட்னியைக் கெடுக்குமா?

அம்மாவுக்கு 70 வயது, கிரியாட்டினின் 1.4. டை போட்டு சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா டாக்டர்?

கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு. ரத்தத்தில் அது 1.4 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 30 வயது ஆணுக்கு அதே 1.4 இருந்தால் இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 69 பக்கம் வரும், உங்கள் அம்மாவுக்கோ 40 தான். ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் லேபில் கேட்டு வாங்குங்கள். 30-க்குக் கீழே போனால்தான் பெரிய கவலை. அம்மாவுக்கு 40 என்பதால் பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் வாந்தி பேதியில் உடம்பு வறண்டு கிடக்கும்போது வேண்டாம், முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறார் என்றால் அதை முதலில் நிறுத்துங்கள். கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் ஸ்கேன் என்றால் டையே தேவையில்லை.

டை அப்படி என்னதான் செய்கிறது?

இது அயோடின் கலந்த மருந்து, சிறுநீரில்தான் வெளியேறும். கிட்னியின் உள்பகுதிக்கு சாதாரணமாகவே ஆக்சிஜன் குறைவு. டை அங்குள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், சிறுநீர்க் குழல்களின் செல்களையும் நேரடியாகத் தாக்கும். பழைய டைகள் இன்னும் மோசம். ஆனால் அந்தக் காலத்து ஆய்வுகள் ஸ்கேனுக்குப் பிறகு கிரியாட்டினின் ஏறிய எல்லோரையும் டையின் கணக்கிலேயே எழுதிவிட்டன; டை போடாமல் சி.டி. எடுத்த நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. நோயாளிக்கு ஏற்கெனவே இருந்த கிருமித்தொற்று, குறைந்த பி.பி. எல்லாவற்றுக்கும் டை பழி சுமந்திருக்கிறது.

சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நிறுத்தணுமா?

இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தாலோ கிட்னி திடீரென்று பழுதாகியிருந்தாலோ கண்டிப்பாக நிறுத்தணும். 48 மணி நேரம் கழித்து, கிரியாட்டினின் பார்த்த பிறகே மறுபடி தொடங்கணும். பல சென்டர்களில் எல்லோரையும் நிறுத்தச் சொல்வார்கள், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை கிட்னியைக் கெடுக்காது. கிட்னி மந்தமானால் மாத்திரை உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், அதுதான் பயம்.

எம்.ஆர்.ஐ. டை பாதுகாப்பானது என்கிறார்களே?

அது கடோலினியம், அயோடின் இல்லை. ஆனால் கிட்னி செயலிழந்தவர்களுக்குப் பழைய வகை கடோலினியம் போட்டதில் சிலருக்குத் தோல் மரக்கட்டையாக இறுகிப் போனது, 2006-ல்தான் இரண்டுக்கும் முடிச்சு போட்டார்கள். இப்போதுள்ள புது வகைகளில் இது மிக மிக அரிது. டயாலிசிஸில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்பாவுக்கு ஆஞ்சியோ. கிட்னியைக் காப்பாற்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்...

அசிட்டைல்சிஸ்டீனாக இருக்கும். 2018-ல் வெளிவந்த, சுமார் 5,000 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் அதனால் பயன் எதுவும் தெரியவில்லை. உதவுவது நரம்பில் ஏற்றும் சலைன்தான், அதுவும் இதயம் பலவீனமானவருக்கு அளவோடு. ஆஞ்சியோவில் டை கிட்னிக்கு அடர்த்தியாகவே போய்ச்சேரலாம், அதனால் இரண்டாம் மூன்றாம் நாளில் கிரியாட்டினின் பாருங்கள். சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள், நன்றாகப் போகும்போதே கிரியாட்டினின் ஏறியிருக்கும். அப்புறம், மாரடைப்பு என்றால் கிட்னியைக் காரணம் காட்டி ஆஞ்சியோவைத் தள்ளிப்போடவே வேண்டாம்.