மூடிக் கிடந்த வால்வு: அணுமின் நிலையப் பாதுகாப்பு நடைமுறைகள் குறித்த கேள்வி பதில்

ஓர் அணுமின் நிலையத்தில் முதலில் பராமரிப்புப் பிரிவிலும் பிறகு இயக்கப் பிரிவிலுமாக 31 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பாதுகாப்பு அமைப்புகளைக் கையாளும்போது நடைமுறைப் பிழை நேர்ந்தால் அதை எவ்வாறு சரிசெய்கிறார்கள் என்று கடலூர், புதுச்சேரி வட்டார நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டை, பொறியியல் மாணவி: அவசரக் குளிர்விப்பு பம்பைப் பழுதுபார்த்தபின் அதன் வால்வைத் திறக்க மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ஒருவர் அதைக் கண்டு திறந்துவிடுகிறார். அத்துடன் பிழை சரியாகிவிட்டது அல்லவா?

இல்லை, அம்மா. வால்வுதான் திறந்தது, பிழை அப்படியே இருக்கிறது. முதலாவதாக, கண்டவர் தாமாகவே அதைத் திறந்திருக்கவே கூடாது. பெர்மிட் (வேலைக்கான எழுத்துபூர்வ அனுமதி) பெற்று, அந்தப் பம்பைப் பிரித்துப்போட்டு வேறொருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம். அவருடைய உயிருக்காகவே யாரோ அதை மூடியிருக்கலாம். எனவே முதலில் கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஷிப்ட் பொறுப்பாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பம்ப் தேவைப்பட்டால் உதவாது என்று லாக் புக்கில் எழுதுவார். ஒரு பாதுகாப்புக் கருவி இல்லாமல் உலை எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதற்கு எழுதப்பட்ட வரம்பு உண்டு. அந்த நேரக் கணக்கு அப்போதே தொடங்கிவிடும்.

அடுத்ததாக, மாற்றாக நிற்கும் இன்னொரு பம்பைப் போய்ப் பார்க்க வேண்டும். அதே குழு, அதே வாரத்தில், அதே நடைமுறைத் தாளை வைத்துக்கொண்டு அதிலும் வேலை செய்திருந்தால், அதே மறதி அங்கேயும் நேர்ந்திருக்கக்கூடும். பிறகுதான் வால்வைத் திறப்பது. திறந்ததும் பம்பை ஓட்டி, நீர் உண்மையில் பாய்கிறது என்பதை ஓட்டமானியில் பார்க்க வேண்டும். கடைசியாக எல்லோரும் தவிர்க்க விரும்பும் கேள்வி வருகிறது: இது எப்போதிலிருந்து மூடியிருந்தது? கண்டுபிடித்த நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது. பம்ப் சரியாக வேலை செய்ததற்குக் கடைசியாகச் சான்று இருக்கும் நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். அந்த நாட்களில் இன்னொரு பம்பும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தால், நிலையம் தன்னையறியாமல் அவசரக் குளிர்விப்பே இல்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். அந்த உண்மையை நிலையத்தின் ஆய்வுக் குழுவுக்கும், 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

இது கற்பனையான அச்சம் அன்று. அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று விபத்து தொடங்கியபோது, வழக்கமான நீர் வரத்து நின்றால் மாற்றாக நீர் தர வேண்டிய துணை நீரூட்டுக் குழாய்களின் இரண்டு வால்வுகளும் மூடிக் கிடந்தன. இரண்டு நாள் முன்புதான் அவற்றில் சோதனை நடந்திருந்தது. அவை மூடியிருப்பதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பலகையில் தொங்கிய ஒரு மஞ்சள் டேக் மறைத்திருந்தது. கண்டுபிடிக்க 8 நிமிடங்கள் ஆயின. உலையின் எரிபொருள் பகுதியளவு உருகியதற்கு முதன்மைக் காரணம் வேறு: திறந்தபடி சிக்கிக்கொண்ட நிவாரண வால்வு (மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பியதே அது. அங்கே இருந்த விளக்கு வால்வுக்குச் சென்ற கட்டளையைக் காட்டியதே தவிர, வால்வின் நிலையைக் காட்டவில்லை. ஆகவே நான் எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: விளக்கை நம்பாதீர்கள், வால்வைப் போய்ப் பாருங்கள்.

கடலூர் முதுநகர்: கல்பாக்கம் நமக்கு எவ்வளவு தூரம்? கதிர்வீச்சு இங்கே வருமா?

நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. நம் நாட்டில் அணுமின் நிலையங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள அவசரகாலத் திட்டப் பகுதி 16 கி.மீ. ஆரத்துக்குள் அடங்குகிறது.

வில்லியனூர், கருவியியல் தொழில்நுட்பர்: சோதனையின்போது ஓர் அளவீட்டுத் தடத்தைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கப் போட்ட ஜம்பர் ஒயரை எடுக்க மறந்தால் அவ்வளவு பெரிய குற்றமா? மூன்று தடங்கள் இருக்கின்றனவே?

மூன்று இருக்கின்றன என்ற நிம்மதியில்தான் ஆபத்து இருக்கிறது, தம்பி. உலையை நிறுத்தும் கட்டளைக்கு மூன்று தனித்தனி அளவீட்டுத் தடங்கள் உண்டு. அவற்றில் இரண்டு சொன்னால் உலை நிற்கும். ஒரு தடத்தைச் சோதிக்கும்போது அதை 'நிறுத்து' என்ற நிலையில் வைத்தால், மீதி இரண்டில் ஒன்று சொன்னாலே போதும். நாம் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறோம். அதையே ஜம்பர் போட்டு ஊமையாக்கினால், மீதி இரண்டும் சேர்ந்து சொன்னால்தான் உலை நிற்கும். அவற்றில் ஒன்று பழுதானாலும் நிற்காது. நாங்கள் ஜம்பர் ஒயர்களுக்கு எண்ணிட்டு, சிவப்புத் துணி கட்டி, ஒரு பலகையில் எண்ணிட்ட கொக்கிகளில் தொங்கவிட்டிருந்தோம். கொக்கி காலியாக இருக்கும்வரை அடுத்த தடத்தைத் தொட ஷிப்ட் பொறுப்பாளர் அனுமதி தரமாட்டார். மறந்துபோன ஜம்பர் ஒன்றைக் கண்டால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அது இருந்த நாட்களில் மற்றத் தடங்களில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை லாக் புக்கில் தேடுங்கள்.

பண்ருட்டி, ஓர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர்: மறந்தவனுக்கு மெமோ கொடுத்தால்தான் அடுத்தவன் மறக்கமாட்டான். 34 வருட அனுபவத்தில் சொல்கிறேன். காரணத்தை ஆராய்வதெல்லாம் சோம்பேறிகளுக்குக் குடை பிடிப்பது.

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் இதில் நான் உங்களுக்கு உடன்பட இயலாது. அதற்குக் காரணம் என் சொந்தத் தவறுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் இரவு ஷிப்டில், ஒரு வால்வின் நிலையை இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டியிருந்தது. மூத்தவர் கையெழுத்திட்டிருந்தார். அவர்மேல் இருந்த நம்பிக்கையில், சரிபார்ப்புத் தாளின் இரண்டாவது கட்டத்தில் நான் மேசையிலேயே கையெழுத்திட்டேன். காலையில் ஃபோர்மேன் என்னை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். வால்வு முழுவதும் திறந்திருந்தால், கிரீஸ் பூசிய தண்டு கைச்சக்கரத்துக்கு மேலே நான்கு விரற்கடை தெரிய வேண்டும். இரண்டு விரற்கடைதான் தெரிந்தது. "கையை வை. திறக்கும் பக்கமாகத் திருப்பாதே, மூடும் பக்கமாகச் சிறிது திருப்பிப் பார்த்துவிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவா" என்று கற்பித்தார். பிறகு, ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்தப் பகுதிக்குள் போகப் பாதுகாப்பு உடை மாற்றித் திரும்ப 20 நிமிடம் ஆகிறது, அதற்குள் ஷிப்ட் பேருந்து போய்விடுகிறது என்று உண்மையைச் சொன்னேன். அவர் அந்தக் காரணத்தை அப்படியே எழுதி மேலே அனுப்பினார். சரிபார்ப்பு நேரம் ஷிப்ட் கணக்கில் சேர்க்கப்பட்டது. தண்டில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடும் போடப்பட்டது. மெமோ வரும் என்று பயந்திருந்தால், "போய்ப் பார்த்தேன்" என்று சாதித்திருப்பேன். உடை மாற்றும் சிக்கல் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

புதுச்சேரி, மருத்துவமனைச் செவிலியர்: அறுவைக் கூடத்தில் பஞ்சுத்துணிகளை நாங்கள் இருவர் சேர்ந்தே எண்ணுகிறோம். அது தவறான முறையா?

எண்ணுவதற்கு அதுவே சரியான முறை, அம்மா. வால்வு விஷயத்தில் இருவரும் ஒன்றாகப் போனால், இரண்டாமவர் வால்வைப் பார்ப்பதில்லை; முதலாமவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்.

நெல்லிக்குப்பம்: கல்பாக்கத்தில் ஏதேனும் நடந்தால் காற்று நம் பக்கம் அடிக்குமா?

தூரம் பற்றி மேலே எழுதிவிட்டேன்.

பண்ருட்டி: உங்கள் கதையே எனக்குத்தான் சாட்சி. போகாமலே கையெழுத்திட்டீர்கள். அதற்கும் தண்டனை வேண்டாமா?

வேண்டும், ஐயா. மறதி வேறு, பொய்ப் பதிவு வேறு. நான் செய்தது பொய்ப் பதிவு. எச்சரிக்கை பெற்றிருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும். இன்றும் அந்தக் கையெழுத்தை நினைத்தால் எனக்கு மனம் கூசுகிறது. தெரிந்தே பொய் எழுதுபவரை ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து காப்பாற்ற நான் வாதிடவில்லை. ஆனால் இன்னொன்றைப் பாருங்கள். 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில், கேபிள்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று ஒரு தொழிலாளி மெழுகுவத்தியைக் காட்டிப் பார்த்தார். அடைப்புக்கு வைத்த நுரை தீப்பிடித்து, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன. மெழுகுவத்தி அங்கே வழக்கமான சோதனை முறை. மெமோவை யாருக்குக் கொடுப்பீர்கள்? 1999-இல் ஜப்பானின் டோகாய்முராவில் யுரேனியக் கரைசலை வாளிகளில் கலந்த தொழிலாளர்களில் இருவர் இறந்தனர். ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியைப் பெறாமலே, வாளியை அந்நிறுவனம் தன் கையேட்டில் ஏற்கெனவே சேர்த்திருந்தது. இத்தகைய இடங்களில் மெமோ பிழையைத் திருத்துவதில்லை; அதைக் கோப்புக்குள் மூடி வைக்கிறது.

கடலூர் சிப்காட், ஒப்பந்தத் தொழிலாளர்: எங்கள் ஆலையில் வாயுக் கசிவு அலாரத்தை அணைத்து வைத்துவிட்டு வேலை செய்யச் சொல்கிறார்கள்.

இரசாயன ஆலை என் துறை அன்று. ஆனாலும் இதற்குக் காத்திருக்க வேண்டாம். அலாரம் இல்லாத இடத்துக்குள் இறங்காதீர்கள். பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். பலனில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தை அணுகுங்கள்.

தேவனாம்பட்டினம்: சுனாமி அன்று நம் ஊரை அடித்த அலை கல்பாக்கத்தையும் அடித்ததே? அங்கே உலை என்ன ஆனது?

2004 டிசம்பர் 26 அன்று ஓர் உலை பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையின் கடல்நீர்ப் பம்ப் அறைக்குள் நீர் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. காற்றும் தூரமும் பற்றி மீண்டும் கேட்க வேண்டாம் என்று எல்லோரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பண்ருட்டி: மெழுகுவத்தி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் பேரன் இப்போது ஒரு மின்நிலையத்தில் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். முதலில் என்ன பழகச் சொல்வீர்கள்?

மகிழ்ச்சி, ஐயா. நடைமுறைத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். தாளில் உள்ள வால்வு எண்ணும், வால்வில் கட்டியிருக்கும் பித்தளைத் தகட்டின் எண்ணும் ஒன்றா என்று விரல் வைத்துப் படிக்கட்டும். ஒன்றாக இல்லையென்றால், தாளில் பேனாவால் திருத்திக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது; தகடு மாறியிருக்கலாம், தாள் பழைய பதிப்பாக இருக்கலாம், அவர் நிற்பதே வேறு அறையாகவும் இருக்கலாம். அங்கிருந்தே கண்ட்ரோல் ரூமுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, திருத்திய தாள் கையெழுத்தாகி வரும்வரை வால்வைத் தொடாமல் இருக்கட்டும். தாமதத்துக்காக யாராவது கடிந்துகொண்டால், அதையும் நேரத்துடன் லாக் புக்கில் எழுதச் சொல்லுங்கள்.