தை மாதத்துக்குள் செடி நடலாம், மீன் விட முடியாது

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: தை மாதம் கிரகப்பிரவேசம், ஹாலில் நாலடி நீளத்துக்குச் செடிகளோடு பெரிய மீன்தொட்டி வைக்க ஆசை, வருகிறவர்கள் பார்ப்பதற்குள் மீனும் விட்டுத் தயார் செய்ய என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்? இப்போது கார்த்திகை முடியப் போகிறது. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018இல் நானும் இப்படித்தான் ஒரு தேதியை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

அப்போது சென்னை வில்லிவாக்கத்தில் வாடகை வீடு. மகளின் ஏழாவது பிறந்தநாளுக்குள் வீட்டில் மீன் ஓட வேண்டும் என்று, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் தொட்டி, மணல், செடி எல்லாம் ஒரே நாளில் வாங்கிவிட்டோம். எப்போது மீன் விடலாம் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "நாளைக்கே விடுங்கம்மா, இந்த மருந்துல நாலு சொட்டு விட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். நம்பினேன். 24 நியான் டெட்ரா, சின்னச் சின்ன மீன்கள். பிறந்தநாள் அன்று அவ்வளவு அழகாக ஓடின. நாலாம் நாள் காலையில் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நியான் உடம்பில் ஒரு நீலக்கோடு ஓடுமே, அது மங்கி மங்கிச் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மகள் பள்ளிக்கூடம் போகும்போது 15 என்று எண்ணிவிட்டுப் போனாள், சாயங்காலம் வந்து எண்ணினாள், 6. கறிவேப்பிலைச் செடித் தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தோம். அவளுக்கு இன்னும் அது நினைவிருக்கிறது.

காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அதைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை கிடையாது. போதாததற்கு, சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரின் பி.எச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, எட்டை ஒட்டி இருக்கும், பி.எச் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். எந்த மருந்து நாலு சொட்டு விட்டாலும் அந்த ஆறு வாரத்தை ஒரு நாளாக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் நாள் குறையும், அவ்வளவுதான்.

அடுத்து எடை. சொந்த வீடு என்பதால் இதை யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் விளிம்பு வரை 450 லிட்டர். கொஞ்சம் குறைத்து 400 லிட்டர் ஊற்றினாலும் தண்ணீரே 400 கிலோ, 12 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 90 கிலோ, மண், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 600ஐத் தாண்டும், அத்தனையும் எட்டுச் சதுர அடியில், அதாவது முக்கால் சதுர மீட்டரில் நிற்கும். வீட்டுத் தளங்களுக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். மாடி வீடு என்றால் நடு ஹாலில் வேண்டாம், பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வையுங்கள், இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் போடுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம், பாசி அள்ளி மாளாது.

எடை பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் 40,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார், தொட்டியால் டைல்ஸ் விரிந்துவிட்டதாம். நாங்கள் குடிவந்த அன்றே அந்த விரிசல் இருந்தது, போட்டோ எடுத்து வைக்காதது எங்கள் தப்பு. எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் வருடச் சட்டமே சொல்கிறது, ஆனால் பத்து மாத அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும், அதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று. ஐந்து வருடம் ஒரு நாள்கூட வாடகை தள்ளிப்போனதில்லை.

சரி, தொட்டிக்கு வருகிறேன். நீங்கள் பார்த்து ஆசைப்பட்டது பெரும்பாலும் ஜப்பானின் தகாஷி அமானோ உருவாக்கிய பாணியாக இருக்கும், மரக்கட்டை, பாறை, புல்வெளி மாதிரிச் செடி. லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு அவர் ஒரு நீருக்கடிக் காடே அமைத்துவிட்டு 2015இல் காலமானார். அந்தப் புல்வெளி வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், நல்ல விளக்கு, உரம், வாராவாரம் தண்ணீர் மாற்றுவது எல்லாம் வேண்டும். முதல் தடவைக்கு அனூபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா மாதிரி எளிதான செடிகள் போதும். முதல் இரண்டின் கிழங்கு போன்ற தண்டை மண்ணில் புதைக்காமல் மரக்கட்டையில் நூலால் கட்டுங்கள், புதைத்தால் அழுகும். கிரிப்டோகோரைன் நட்ட இரண்டே வாரத்தில் இலையெல்லாம் கரைந்து கூழாகிவிடும். பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கும், புது இலை வரும். நான் முதல் தடவை செத்துவிட்டது என்று நினைத்துப் பத்துச் செடிகளைக் குப்பையில் போட்டேன்.

சிலிண்டர் இல்லாமலே அருமையாக வளர்க்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், அவர்கள் சொல்வதும் சரிதான். நான் நிபுணர் இல்லை, ஒரு பேங்கில் வேலை பார்க்கிறேன், என் அனுபவத்தைத்தான் சொல்கிறேன். உயிரைக் கண்ணாடிக்குள் அடைப்பது பாவம் என்று எழுதப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எனக்கு மிஸ் கேரளா மீன் மேல் கொள்ளை ஆசை, ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் அழிந்துவரும் மீன், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது, மே மாதம் 32 டிகிரிக்குப் போகிற என் தொட்டியில் அதை விட மனசு வரவில்லை. சூடு தாங்கும் ஏஞ்சல் மீன்தான் வளர்க்கிறேன். கோடையில் தண்ணீர் மேல் படுகிற மாதிரி இரண்டு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

இப்போது அம்பத்தூரில் சொந்த ஃபிளாட், 2021இல் வைத்த தொட்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாள் மதியமே தீர்ந்துவிட்டது. பகலில் செடி ஆக்சிஜன் தரும், இருட்டில் அதுவும் மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை இழுக்கும் என்பதே பலருக்குத் தெரியாது, செடி இருக்கிறதே, பயமில்லை என்று இருந்துவிடுவார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஆறு ஏஞ்சலும் மேலே வந்துவிட்டன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், அப்படி ஊற்றினால் காற்று கலக்கும். "வீட்டுக்குள்ள எதுக்கும்மா குளம்" என்று ஆரம்பத்திலிருந்தே திட்டிக்கொண்டிருந்த என் மாமியார் இரண்டு மணிக்கு எழுந்து வந்து, "நீ போய்ப் படு, தோள்பட்டை போயிடும்" என்று சொல்லிவிட்டு, பூஜை அறையிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்துவந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐந்தரை மணிக்கு நான் எழுந்து பார்க்கும்போதும் அத்தை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார், புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு மீன்கூடப் போகவில்லை.

கரண்ட் வந்ததும் ஃபில்டரை உடனே ஆன் செய்யவில்லை. இரண்டு நாள் மூடிக்கிடந்த கேனிஸ்டருக்குள், அதாவது தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய டப்பா ஃபில்டருக்குள், பாக்டீரியா செத்து அழுகி நாற்றமடிக்கும், அப்படியே ஓடவிட்டால் அந்த விஷம் முழுக்கத் தொட்டிக்குள் வரும். தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அதில் பஞ்சை அலசிவிட்டுத்தான் மாட்டினோம், குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மிச்ச பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அடுத்த நாளே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு வாங்கினேன். உங்கள் பட்டியலில் அது முதலில் இருக்கட்டும்.

செலவு கேட்டீர்கள். எனக்குத் தொட்டி, ஸ்டாண்ட், விளக்கு, கேனிஸ்டர், மண், செடி, சிலிண்டர் எல்லாமாக 80 ஆயிரத்தை ஒட்டி ஆனது, அதையும் ஏழு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்தேன். தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள், மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள்.

தொட்டி செய்து வரவே இரண்டு வாரம் ஆகும். வந்ததும் செடியை அடர்த்தியாக நட்டு, தண்ணீர் ஊற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, விளக்கை ஆறு மணி நேரம் மட்டும் போடுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் செடியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், மீன் எங்கே என்று கேட்டால் மாசியில் வரும் என்று சொல்லுங்கள். மாசியில் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் முதலில் ஆறு மீன் மட்டும் விடுங்கள், மிச்சத்தைப் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம்.