பாடிக் காட்டு, விரலைக் காட்டு

கேள்வி: மேடையில் வாயசைத்து ஏமாற்றும் பாடகர்கள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: 1990 நவம்பரில் மில்லி வனில்லி என்ற பாப் இசை ஜோடி அப்படித்தான் மாட்டியது. ஆல்பத்தில் பாடியது வேறு ஆட்கள் என்று அம்பலமாகி, வாங்கிய கிராமி இசை விருது பறிபோனது. உடனே லாஸ் ஏஞ்சலஸில் நிருபர்களைக் கூட்டி, எங்களுக்கும் பாட வரும் என்று அங்கேயே பாடிக் காட்டினார்கள். யார் காதில் வாங்கினார்கள்? எல்லாவற்றுக்கும் சூத்திரதாரியான தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் மட்டும் ஜோராகத் தொழிலைத் தொடர்ந்தார். அந்த வயிற்றெரிச்சல் தனி.

எனக்கும் நவம்பர் என்றால் கிலிதான். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று தரவேண்டுமே! போன வருஷம் மெஷின் என் கட்டைவிரலை ஏற்கவே இல்லை, ரேகை தேய்ந்துவிட்டதாம். வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தேன். ம்ஹும். கடைசியில் கருவிழியைப் படம்பிடித்த பிறகுதான் நான் உயிரோடிருப்பதை ஒப்புக்கொண்டார்கள்.