ஐந்தாம் பக்கம் எங்கே போனது?

கேள்வி: சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். எங்கள் வெப்சைட், வெப்சைட் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது. கொலுசுக்கென்று தனி போஸ்ட் டைப் (பதிவு வகை) உருவாக்கி 38 டிசைன் ஏற்றியிருக்கிறோம். பக்கத்துக்கு 6 வீதம் காட்டி, கீழே 1 முதல் 7 வரை நம்பர் வருகிறது. 4 வரை திறக்கிறது. 5, 6, 7-ஐத் தொட்டால் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று வருகிறது. செய்து கொடுத்த பையன், 'எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டுடலாம் அண்ணா' என்கிறான். போடலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: வேண்டாம் சார். கொலுசு வாங்குகிறவர் திருகாணி, மணி எல்லாம் உற்றுப் பார்ப்பார். படங்களும் அதற்கேற்பப் பெரிதாகத்தான் இருக்கும். இன்றைக்கு 38, தீபாவளிக்குள் இன்னும் எத்தனை ஏற்றுவீர்களோ! போனில் பார்க்கிறவர் பாவம்.

4 வரை திறக்கிறது என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. செட்டிங்ஸில் 'ரீடிங்' பக்கத்தைத் திறந்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை போஸ்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். நீங்கள் கை வைக்காவிட்டால் அங்கே 10 இருக்கும். 38-ஐப் பத்துப் பத்தாகப் பிரித்தால் 4 பக்கம், ஆறு ஆறாகப் பிரித்தால் 7. வேர்ட்பிரஸ் 10 என்ற கணக்கில் இருக்கிறது, பையன் எழுதிய டெம்ப்ளேட் (பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) 6 என்ற கணக்கில் இருக்கிறது.

ஒருவர் 5-ஐத் தொட்டதும் வேர்ட்பிரஸ் முதலில் தன் சொந்தக் கணக்கில் டேட்டாபேஸைத் தேடும். எந்த டெம்ப்ளேட்டைக் கூப்பிடுவது என்பதை அதற்கு அப்புறம்தான் முடிவு செய்யும். அதன் கணக்கில் ஐந்தாம் பக்கமே கிடையாது, அதனால் அங்கேயே 404 போட்டுவிடும். டெம்ப்ளேட்டுக்குள் பையன் எழுதிய இரண்டாவது தேடல் ஓடவே ஓடாது.

ஆகவே அந்த இரண்டாவது தேடலை, அதாவது 'டபிள்யூபி_க்வெரி' வரிகளை, எடுத்துவிடச் சொல்லுங்கள். சைல்டு தீமின் (மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) ஃபங்ஷன்ஸ் ஃபைலில் 'ப்ரீ_கெட்_போஸ்ட்ஸ்' என்ற ஹுக்கில் (தேடலுக்கு முன் நம் கோடை நுழைக்கும் இடம்) ஒரு சின்ன ஃபங்ஷன் போதும்: அட்மின் பக்கமாக இருக்கக் கூடாது, மெயின் க்வெரியாக (வேர்ட்பிரஸ் தானே செய்யும் அந்த முதல் தேடல்) இருக்க வேண்டும், கொலுசு ஆர்க்கைவாக (பட்டியல் பக்கம்) இருக்க வேண்டும், மூன்றும் சரி என்றால் 'போஸ்ட்ஸ்_பர்_பேஜ்' 6. மெயின் க்வெரியா என்ற சோதனையை விட்டுவிட்டால் சைடுபாரில் இருக்கிற பட்டியல்கூட ஆறாக மாறும். நம்பர் வரிசைக்கு 'தி_போஸ்ட்ஸ்_பேஜினேஷன்' ஒரு வரி போதும்.

ரீடிங்கில் 10-ஐ 6 ஆக்கினாலும் 404 போய்விடும், ஆனால் உங்கள் செய்திப் பகுதியும் ஆறாறாகப் பிரிந்துவிடும். இதற்கென்று தனி ப்ளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போடுகிறவர்களும் உண்டு. நாலு வரி வேலைக்கு ப்ளக்இன் போட எனக்கு மனசு வராது.

இரண்டாம் பக்கத்திலேயே 404 வருகிறவர்களுக்கு இது மருந்து இல்லை. முதலில் செட்டிங்ஸில் பெர்மாலிங்க் (பக்க முகவரி அமைப்பு) பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். அதிலும் சரியாகவில்லையா? போஸ்ட் டைப்புக்கு வைத்த அதே ஸ்லக்கில் (முகவரியில் வரும் பெயர்) சாதாரணப் பக்கம் ஒன்றும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஒன்றின் ஸ்லக்கை மாற்றுங்கள்.

கேள்வி: 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுவந்த கதையிலிருந்து எங்கள் எஸ்டேட் வரை ஒரே போஸ்ட்டாக எழுதியிருக்கிறேன். ரொம்ப நீளம். அதை நாலு பக்கமாக உடைக்க முடியுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: முடியும் மேடம். எடிட்டரில் 'பேஜ் பிரேக்' என்ற பிளாக் இருக்கிறது, உடைக்க வேண்டிய இடத்தில் அதை வையுங்கள். வைத்தும் கீழே நம்பர் வரவில்லை என்றால் உங்கள் தீமின் சிங்கிள் டெம்ப்ளேட்டில் 'டபிள்யூபி_லிங்க்_பேஜஸ்' விடுபட்டிருக்கும். தனி போஸ்ட் டைப்புக்கு எழுதும் டெம்ப்ளேட்களில் இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால் உடைக்கவே வேண்டாம். கொலுசு தேடுகிறவர் பக்கம் புரட்டுவார்; கதை படிக்கிறவரை நடுவில் நிறுத்தி ஒரு நம்பரைத் தொடச் சொன்னால் பாதிப் பேர் தொட மாட்டார்கள். மலை மேல் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் அடுத்த பக்கம் திறக்கவும் திறக்காது. நல்ல துணைத் தலைப்புகள் நாலு போட்டு, கதையின் தொடக்கத்திலேயே அவற்றுக்கு லிங்க் கொடுத்துவிடுங்கள்.