பழைய வீடியோ கேம் படங்கள் உண்மையிலேயே அழகா, இல்லை நம் நினைவுதான் அப்படிக் காட்டுகிறதா?

நினைவைக் குறை சொல்ல மாட்டேன். அன்று டிவியில் பார்த்த படமே வேறு.

எங்கள் வீட்டில் இருந்தது நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டி, ஒரு மஞ்சள் கேசட், பின்பக்கம் புடைத்த பழைய டிவி. சூப்பர் மாரியோவை அதில்தான் ஆடித் தீர்த்தேன். போன வருடம் அதே கேமை லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டுத் திறந்தால், எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. மாரியோவும் கொஞ்சம் இளைத்திருந்தார். அது பிரமை இல்லை. ஃபேமிகாமின் படம் 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில் இருந்த அன்றைய டிவி அதைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டும். அந்த இழுப்பு இல்லையென்றால் ஆள் மெலிந்துதான் தெரிவார்.

இதைவிடப் பெரிய சாட்சி, 1991-ல் சேகாவின் மெகா டிரைவ் பெட்டியில் வந்த சோனிக் கேமின் அருவி. பின்னால் இருப்பது லேசாகத் தெரியும்படி தண்ணீரைக் காட்ட அந்தப் பெட்டியில் நேர்வழி கிடையாது. அதனால் ஒரு கோடு தண்ணீர், ஒரு கோடு காலி என்று நெட்டுக்கு வரைந்துவிட்டார்கள். படம் முழுவதையும் ஒரே சிக்னலாக டிவிக்கு அனுப்பும் காம்போசிட் வயரில் போகும்போது அக்கம்பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து, டிவியில் நிஜமாகவே தண்ணீர் விழும்! இன்றைய திரையில் பார்த்தால் வெறும் கம்பி வேலி. வரைந்தவர்களின் கெட்டிக்காரத்தனம் அங்கே காணாமல் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

அதற்காக, அந்தக் காலத்துப் படம் எல்லாமே டிவியின் மங்கலை நம்பி வரைந்தது என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. 1989-ல் வந்த கையடக்கப் பெட்டி கேம் பாய்க்கு டிவியே வேண்டாம். 160-க்கு 144 புள்ளி, நான்கே சாயல், சின்ன எல்சிடி திரை. புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று தெரிந்தே வரைந்தார்கள். அதிலும் அழகு குறையவில்லை.

கூர்மையான திரை எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாரியோவில் வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை, அவ்வளவுதான். மொத்த கேமையும் 40 கிலோபைட்டில் அடக்க வேண்டிய நெருக்கடி. அத்தனை வருடம் ஆடியும் லேப்டாப்பில்தான் அது என் கண்ணில் பட்டது.

எமுலேட்டரில் ஆடுபவர்கள் அமைப்புகளில் 4:3 வைத்து, பழைய டிவித் திரை போலக் காட்டும் சிஆர்டி ஃபில்டரையும் போட்டுவிட்டு, அந்த அருவி முன்னால் ஒரு நிமிடம் சோனிக்கை நிறுத்திப் பாருங்கள்.