மாமாவுக்காக மறைத்த காயம்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு, பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் குத்தகையாளரிடம் (காண்ட்ராக்டரிடம்) வேலை செய்கிறான். சென்ற வாரம் உள்ளங்கை கிழிந்து வந்தவன், பந்து விளையாடி விழுந்ததாகச் சொன்னான். ஆலையில் அடிபட்டதை அவன் நண்பன்தான் சொன்னான். அங்கே என் அண்ணன்தான் சூப்பர்வைசர். வேலை வாங்கித் தந்தவரும் அவரே. மகன் ஏன் மறைக்கிறான்? நான் நேரில் போய்க் கேட்கலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போதைக்கு ஆலைக்குப் போகவேண்டாம். எம்.சி. (டாக்டர் சான்றிதழுடன் மருத்துவ விடுப்பு) எடுத்தால் வருகை அலவன்ஸ் போய்விடும், அடுத்த மாதம் குத்தகையாளர் கூப்பிடாமல் விட்டுவிடுவார் என்ற பயம் அவனுக்கு இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் உங்கள் அண்ணன் என்றே நினைக்கிறேன். தோட்டப்புறங்களில் பல பிள்ளைகளுக்கு முதல் வேலை சொந்தக்காரர் ஒருவரின் வாய்ச்சொல்லில்தான் கிடைக்கிறது. விபத்துப் பதிவேட்டில் தன் பெயர் ஏறினால், 'யார் கண்காணிப்பில் நடந்தது?' என்ற கேள்வி மாமாவிடம்தான் போகும் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. நன்றியுள்ள பிள்ளைதான், ஆனால் அந்த நன்றிக்காக அவன் கையைப் பணயம் வைக்க முடியாது.

விபத்தைத் தெரிவிப்பது மாமாமீது புகார் கொடுப்பதாகாது என்பதை அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் சொக்சோ (மலேசியத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), தவறு யாருடையது என்று பார்த்து உதவித்தொகை கொடுப்பதில்லை. வேலையில் ஏற்பட்ட காயமா என்றுதான் பார்க்கிறது. குத்தகையாளரின் ஆள் என்றாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. கிடைத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை தற்காலிக ஊன உதவியாகப் பெறலாம். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தப் பந்து விளையாட்டுக் கதைதான். டாக்டரிடமும் அதையே சொன்னால் மருத்துவக் குறிப்பில் அப்படித்தான் பதிவாகும். நாளைக்கு விரல் மடங்காமல் போனாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருந்தாலோ, அது வேலையில் பட்ட அடி என்று நிரூபிப்பது பெரும்பாடாகிவிடும். ஆகவே, அவனை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எந்த நாளில், எந்த இயந்திரத்தில், எப்படி அடிபட்டது என்பதை அவன் வாயாலேயே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

அதன் பிறகு உங்கள் அண்ணனிடம் வீட்டில் வைத்துப் பேசுங்கள், மகனும் உடன் இருக்கட்டும். விபத்து தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டியது முதலாளியின் கடமை. அவர்கள் காதுக்கு விஷயம் முறைப்படி போனால்தான் அது நடக்கும். சூப்பர்வைசராக இருப்பவர் தெரிந்தும் பேசாமல் இருந்தால், பின்னால் சிக்கல் அவருக்கும்தான். பாதுகாப்பில்லாத நிலைமையைப் பற்றி முறையிட்டதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் சொல்கிறது. அப்படியும் ஆலைத் தரப்பு இழுத்தடித்தால், மருத்துவக் குறிப்பையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மகனோடு ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள்.